வெளிநாடு போய் வந்தபின் நம் நாட்டைப் பார்க்கும் பார்வை மாறுமா? உங்களுக்கு எப்படி?

மாறும். ஆனால் ஒரே தடவையில் மாறி நின்றுவிடாது. எனக்கு மூன்று நான்கு முறை மாறியது. அதில் முதல் மாற்றம், பக்கத்தில் இருப்பவர்களால் சகிக்க முடியாத ரகம்.

நான் மயிலாடுதுறைக்காரன். மேற்படிப்புக்காக ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்குப் போய், அப்புறம் அங்கேயே வேலையும் கிடைத்து, மொத்தம் ஆறு வருடம் இருந்தேன். முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வாயைத் திறந்தாலே "அங்கேயெல்லாம்..." என்றுதான் ஆரம்பிப்பேன். அங்கேயெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஒரு வண்டி வராத தெருவில்கூட, சிக்னலில் தொப்பி போட்ட சிவப்பு மனிதன் தெரிந்தால் ஜனங்கள் அப்படியே நிற்பார்கள். அங்கேயெல்லாம் ஹாரன் சத்தமே கேட்காது. நான்காவது நாள் அத்தை மகன், "தொரை எப்ப கப்பல் ஏறுறாங்க?" என்றான். கொஞ்சம் அடங்கினேன்.

சொல்லாமல் மறைத்தவையும் உண்டு. லைப்சிக்கில் முதல் மாதம், என் வங்கி அட்டைக்கான ரகசிய எண் இருந்த கடிதம் வரவே இல்லை. விசாரித்தால், திரும்பிப் போய்விட்டதாம். தபால் பெட்டியில் நான் என் பெயரை ஒட்டவில்லை. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் தனியாக எண் கிடையாது, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துத்தான் கடிதம் போடுவார்கள். எங்கள் தெருத் தபால்காரர், கதவு எண் தப்பாக இருந்தாலும் "வாத்தியார் வீட்டுப் பெரியவனுக்கு" என்று கொண்டுவந்து விடுவார். வீடு பூட்டியிருந்தால் எதிர்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்து, ஒரு டம்ளர் மோரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். ஊரில் இருந்தவரை இதை ஒரு வசதி என்று நான் நினைத்ததே இல்லை. என் பிளஸ் டூ மார்க் எனக்குத் தெரியும் முன்பே தெருவுக்குத் தெரிந்திருந்ததும் இதே வசதியால்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் எதையும் கேட்காத ஊரில் வார நாட்கள் நிம்மதியாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் அடைத்து, தெருவும் அமைதியாகிவிட்டால் வயிற்றைப் பிசைந்தது.

குப்பை விஷயத்தில்தான் நன்றாக அடி வாங்கினேன். ஜெர்மனியில் தண்ணீரோ குளிர்பானமோ வாங்கினால் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கொடுத்துக் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 'ஃபாண்ட்' என்று பெயர். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பாட்டில்களுக்கு 2003-இல் இது கட்டாயமானது. அந்த எந்திரத்தைப் படம் பிடித்து, "நம் நாட்டில் இதெல்லாம் எப்போது வரும்?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அப்பா ஒரே வரியில் பதில் போட்டார்: "கோலி சோடா."

வாஸ்தவம்தான். பெட்டிக்கடையில் சோடா குடித்தால் பாட்டிலை அங்கேயே வைக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போனால் முன்பணம் கட்ட வேண்டும். 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் நான் எத்தனை ஓட்டைப் பாத்திரங்களைக் கொடுத்திருப்பேன்! லைப்சிக்கில் குப்பையை எடுத்துப் போக வாடகையோடு சேர்த்து நான் காசு கொடுத்தேன். இங்கே பழைய பேப்பர்காரர் எடை போட்டு எனக்கல்லவா காசு கொடுக்கிறார்! 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தபோது, அந்தச் செய்தியையும் அப்பா மறக்காமல் அனுப்பினார்.

இத்தோடு முடிந்திருந்தால் 'நம்மிடம் இல்லாதது ஒன்றுமில்லை' கட்சியில் சேர்ந்திருப்பேன். டிராம் நிறுத்தத்தில் சில சாயங்காலங்களில் ஒரு பாட்டி கையில் டார்ச்சோடு குப்பைத் தொட்டிக்குள் பாட்டில் தேடுவார். அவரைப் போன்றவர்கள் கையை விட வேண்டாமே என்று சிலர் காலி பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டுப் போவார்கள். நானும் வைப்பேன். அடுத்த விடுமுறையில் ஊரில், எங்கள் வீட்டுக் குப்பையை எடுக்க வரும் அம்மாவைக் கவனித்தேன். முந்தின நாள் சாம்பார், முட்டை ஓடு, என் ஷேவிங் பிளேடு எல்லாம் ஒரே வாளியில் கிடந்தன. அவர் ஒரு கையில் மட்டும் உறை போட்டு, அதைத் தெருவிலேயே கொட்டிப் பிரித்தார். லைப்சிக்கில் தேநீர்ப் பை எந்தத் தொட்டிக்குப் போகும் என்று யோசித்துக்கொண்டு நின்றவன் நான். பிறந்த ஊரில் இருபது வருடமாக என் குப்பையை வேறொருவர் பிரித்திருக்கிறார், நான் பார்த்ததுகூட இல்லை. "நம்ம ஊர் ஏன் இப்படி இருக்கு?" என்று அலுத்துக்கொள்வதை அன்றைக்குத்தான் நிறுத்தினேன். வீட்டில் இரண்டு வாளி வைத்தேன். என் அம்மா இன்னமும் இரண்டிலும் எல்லாவற்றையும் போடுகிறாள், அது தனிப் போராட்டம்.

சின்னச் சின்ன ஆச்சரியங்களும் உண்டு. பூக்கடையில் கியூஆர் அட்டை தொங்க, நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். லைப்சிக்கில் நான் போகும் ரொட்டிக்கடையில் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கும். இதை ஜெர்மன் நண்பர்களிடம் சொன்னபோது எனக்கு வந்த பெருமிதம் இருக்கிறதே, யுபிஐயை நானே கண்டுபிடித்த மாதிரி!

சரி, எனக்கு உண்மையாகவே பார்வை மாறிய இடம் லைப்சிக்கும் அல்ல, மயிலாடுதுறையும் அல்ல. லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் போய்விடும் தூரத்தில் ஹாலே என்று ஒரு ஊர். அங்கே ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய பழைய அநாதை இல்லத்தின் மேல்மாடியில், உலகெங்கும் இருந்து வந்த விநோதப் பொருட்களை வைத்த கூடம் இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். மழைக்கு ஒதுங்கியது போலத்தான் போனேன். வழிகாட்டி "ட்ரான்கேபார், ட்ரான்கேபார்" என்று என்னைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் ஏதோ ஊர் போலும் என்று தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது, தரங்கம்பாடி! பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போகும் ஊர். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு, டேனிஷ் கோட்டை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்ததோடு சரி.

ஹாலேவில் படித்த சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-இல் தரங்கம்பாடி வந்து இறங்கியபோது அவருக்கு இருபதுகளின் ஆரம்பம். தமிழ் கற்று, தான் படித்த சுவடிகளுக்கு 1708-இல் பட்டியலே போட்டார். ஹாலேவில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் போயின. அவை அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகாமல், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலைக்கும் முயன்றிருக்கிறார்கள்.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. இந்த மக்கள் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துத்தான் அவரும் வந்தார். மொழி தெரிந்ததும், இவர்களிடம் படிப்பும் ஒழுக்கமும் உண்டு என்று ஊருக்கு எழுதத் தொடங்கினார். நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூலே எழுதி அனுப்பினார். மதம் பரப்பப் போனவன் இதை எழுதுவானேன் என்று ஹாலேவில் முகம் சுளித்தார்கள். 1867-இல் சென்னையில்தான் அது அச்சேறியது. பாவம், அவரும் "அங்கேயெல்லாம்..." என்று ஆரம்பித்து ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

போன வருடம் அம்மாவை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடி போனேன். சீகன்பால்கு 1718-இல் கட்டி முடித்த தேவாலயத்தின் முன்னால் நின்று, ஹாலே கதையை மூச்சு விடாமல் சொன்னேன். வழியில் பொறையாறு காகித ஆலையையும் விடவில்லை. அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க அம்மாச்சி அஞ்சாவது வரைக்கும் பொறையாறு மிஷன் பள்ளிக்கூடத்துலதானேடா படிச்சாங்க" என்றாள்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"நீ எப்ப கேட்ட?" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடலில் கால் நனைக்கப் போய்விட்டாள்.