பழனி: முட்டி வலியுள்ள அம்மாவுக்குப் படியா, யானைப் பாதையா?

யானைப் பாதையிலேயே கூட்டிட்டுப் போங்க. கொஞ்சம் சுத்து, ஆனா ஏற்றம் சாய்வா, படிகள் அகலமா இருக்கும். நடுவுல நின்னு மூச்சு வாங்கலாம். நேர்படி செங்குத்து, முட்டி வலிக்கு வேண்டவே வேண்டாம்.

போன தடவை இறங்கினப்புறம்தான் வலி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. இறங்கும்போது உடம்பு பாரம் மொத்தமும் மடங்கின முட்டியில விழும். அதுதான் காரணமா இருக்கணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு மாடிப்படியில ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்க. இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சு, ஒரே காலை முன்னாடி வச்சு இறங்கினாங்கன்னா, மேல நடந்து போயிட்டு, விஞ்சுல (தண்டவாளத்துல கம்பி கட்டி இழுக்குற பெட்டி) இறக்கிடுங்க. ரோப் காரும் இருக்கு; ஆனா காத்து பலமா அடிச்சாலும், பராமரிப்பு நாள்லயும் நிறுத்திடுவாங்க. அடிவாரத்துல கேட்டுட்டு ஏறுங்க.

செருப்பில்லாம ஏறணும், உச்சி வெயில்ல கல்லு கொதிக்கும். விடியற்காலையே நல்லது.