கணுக்கால் தண்ணீரை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் ஓடையில் சித்திரையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். தக்கையை மிதக்கவிட்டு அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வருகிறது. சரியாக அளக்க வழி உண்டா?
– வாசகர், தென்காசி

பதில்: தக்கை முறை கோடை ஓடைக்குப் பொருந்தாது. தக்கை காட்டுவது மேல்மட்ட வேகம். ஆழமான ஆற்றில் அதை 0.8 அல்லது 0.85-ஆல் பெருக்கிச் சராசரி வேகம் என்று கொள்ளலாம். ஓரடி ஆழத்திலேயே அந்த எண் 0.66 அளவுக்கு இறங்கிவிடும். கணுக்கால் தண்ணீரில் ஒவ்வொரு கூழாங்கல்லும் ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும். அங்கே எந்த எண்ணையும் நம்ப முடியாது.

தண்ணீர் முழுவதும் ஓரிடத்தில் குவிந்து விழும்படி செய்வதே வழி. பாலத்துக் குழாயில் விழுகிறதென்றால் வாளி போதும். 15 லிட்டர் வாளி 5 விநாடியில் நிறைந்தால் ஓட்டம் விநாடிக்கு 3 லிட்டர். ஐந்து தடவை பிடித்துச் சராசரி எடுங்கள். மூன்று விநாடிக்குள் நிறைந்துவிட்டால் பெரிய டிரம் வேண்டும். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் ஏற்படும் அரை விநாடிப் பிழையே கணக்கைக் கெடுத்துவிடும்.

அதற்கு மேல் ஓடினால் 90 பாகைக் கோணத்தில் 'வி' வடிவாக வெட்டிய 2–3 மி.மீ. இரும்புத் தகடு. வெட்டின் விளிம்பு கூராக, சரிவு தண்ணீர் விழும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். தகட்டை ஓடைக்குக் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, இருபுறமும் அடியிலும் களிமண்ணும் பாலித்தீன் ஷீட்டும் வைத்து அடையுங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதே அளவு. 5 செ.மீ. நின்றால் விநாடிக்கு 0.8 லிட்டர், 10 செ.மீ.க்கு 4.4, 15-க்கு 12, 20-க்கு 24.7 லிட்டர்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: ஸ்கேலை வெட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். விழப்போகும் தண்ணீர் அங்கே ஏற்கெனவே வளைந்து இறங்கியிருக்கும். உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம், தண்ணீர் வரும் பக்கமாகத் தள்ளி ஒரு முளை அடித்து, அதன் தலையைக் கொத்தனாரின் டியூப் லெவல் வைத்து வெட்டின் அடிமுனை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முளைத் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரை அளந்தால் போதும். 10 செ.மீ.யில் அரை செ.மீ. பிசகினாலும் ஓட்டக் கணக்கு எட்டில் ஒரு பங்கு மாறிவிடும். வெட்டில் ஓர் இலை சிக்கினாலும் மட்டம் ஏறிவிடும். தகட்டைத் தாண்டி விழுந்த தண்ணீர் அடிமுனையைத் தொடாமல் 5 செ.மீ.யாவது தாழ்ந்திருக்கட்டும்.

கேள்வி: மே மாதம் ஒருநாள் அளந்தால் அந்த ஆண்டின் கணக்கு தெரிந்துவிடாதா?
– வாசகர், கம்பம்

பதில்: தெரியாது. மழை நின்றபின் ஓடைக்கு வருவது மண்ணிலும் பாறை வெடிப்பிலும் தேங்கிய ஊற்றுநீர். அது நாளுக்கு நாள் ஒரு விகிதத்தில் வற்றும். பிப்ரவரி 1-இல் விநாடிக்கு 20 லிட்டர், மார்ச் 3-இல் 14 என்றால், 30 நாளில் 0.7 மடங்காகியிருக்கிறது. அதே போக்கில் ஏப்ரல் 2-இல் 9.8, மே 2-இல் 6.9 லிட்டர் எதிர்பார்க்கலாம். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் ஒரு வாரம் கழித்து அளந்து, அங்கிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்குங்கள். அளந்தது இந்தக் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் மேலே எங்கோ பம்புசெட் ஓடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். கரையோர மரங்கள் பகலெல்லாம் நீரை உறிஞ்சுவதால் சிற்றோடை பிற்பகலில் மெலிந்து, இரவில் தேறிவிடும். எப்போதும் காலை ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள்.

கேள்வி: '95 சதவீத ஓட்டம்' என்கிறார்களே, அது என்ன?
– வாசகர், கோவை

பதில்: ஓராண்டின் 365 நாள் ஓட்டத்தையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 347-ஆவதாக நிற்கும் எண்தான் அது. ஆண்டில் 18 நாள் மட்டுமே ஓட்டம் அதற்கும் கீழே போகும். உண்மையில் ஓராண்டு போதாது, பல ஆண்டு நாள்களையும் சேர்த்து அடுக்க வேண்டும். பிரிட்டனில் ஆற்று நீர் எடுக்க அனுமதி தரும்போது இதைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஆற்றில் கழிவுநீர் விட அனுமதிக்க வேறொரு எண்: ஒவ்வோர் ஆண்டிலும் தொடர்ந்த 7 நாள்களின் மிகக் குறைந்த சராசரியை எடுத்து, அது எந்த அளவுக்குக் கீழே 10 ஆண்டுக்கு ஒருமுறை இறங்கும் என்று கணிக்கிறார்கள். ஒருநாள் மதகை மூடியதால் வந்த பள்ளம் 7 நாள் சராசரியில் அவ்வளவாக ஏறாது. 20 ஆண்டில் 3 ஆண்டு ஆறு வாரக்கணக்கில் வறண்டிருந்தால், அந்த எண் பூஜ்யம்தான். வறண்ட ஆண்டுகளை விதிவிலக்கு என்று தள்ளிவிட்டு மீதியை மட்டும் கணக்கில் எடுப்பது பெரும் பிழை. ஆண்டுச் சராசரியை நம்பிப் போட்ட குடிநீர்த் திட்டத்தில் சித்திரையில் குழாய் காய்ந்துபோகும்.

கேள்வி: ஆற்றில் மணல்தான் தெரிகிறது, தோண்டினால் ஊறுகிறது. இதை எதில் சேர்ப்பது?
– வாசகர், வாலாஜா

பதில்: மணலுக்குள்ளும் தண்ணீர் நகர்கிறது, ஆனால் மிக மெதுவாக. பாலாற்று மணலில் கிணறு இறக்கிப் பல ஊர்களுக்குக் குடிநீர் எடுப்பது அதை நம்பித்தான். மேலே ஓடுவதை மட்டும் அளந்தால் இது விட்டுப்போகும். பாறை குறுக்கிட்டு மணல் மெலியும் இடத்தில் உள்நீர் மேலே வந்துவிடும். அங்கே அளப்பது நல்லது. அகன்ற மணல் படுகையில் நீர்மட்டம் காட்டும் மட்டக்கோலை நம்பாதீர்கள். 100 மீட்டர் அகலத்தில், விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில், மட்டம் ஒரே ஒரு செ.மீ. பிசகினால் விநாடிக்கு 200 லிட்டர் தப்பாகிறது. அது 7 கன அடி. கோடையில் மொத்த ஓட்டமே அவ்வளவுதான் இருக்கக்கூடும்.