காற்றில்லாச் சூட்டில் பிளாஸ்டிக்: கேள்வி பதில்

மானூரிலிருந்து: தீயிலிட்டால் கரும்புகை கக்கும் பிளாஸ்டிக், காற்றில்லாத கலனில் எண்ணெயாவது எப்படி ஐயா?

எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத கலனில் வெப்பம் மூலக்கூறுகளை அறுக்க மட்டுமே செய்கிறது. நம் பக்கத்தில் சீமைக் கருவேல விறகை மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடும்போது மரத்துக்கு நேர்வதும் பெரும்பாலும் இதுவே. பாலித்தீன், ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எந்த இடத்திலும் அறுபடலாம். அறுந்த முனை இணையற்ற எலக்ட்ரானுடன் நிலைகொள்ளாமல் இருப்பதால், அடுத்த சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது, அல்லது தானே மேலும் உடைந்து எத்திலீனை உதிர்க்கிறது. நான்கு கார்பன் வரையுள்ள துண்டுகள் வாயுவாகவும், அதைவிட நீண்டவை எண்ணெயாகவும், மிக நீண்டவை மெழுகாகவும் சேர்கின்றன. ஆவி சூட்டில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்குத் துண்டுகள் சிறுத்து, எண்ணெய் குறைந்து வாயு கூடும்.

களக்காட்டிலிருந்து: வாழைத்தோட்டத்தில் கழித்துப்போட்ட சொட்டுநீர்க் குழாய்களையும் பழைய பி.வி.சி. குழாய்களையும் ஒன்றாகக் கொடுக்கலாமா?

அருள்கூர்ந்து பிரித்தே கொடுங்கள். சொட்டுநீர்க் குழாய் பெரும்பாலும் பாலித்தீன், நல்ல எண்ணெய் தரும். பி.வி.சி. பிசினின் எடையிலோ பாதிக்கு மேல் குளோரின். 250 முதல் 300 டிகிரியிலேயே அது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கலனையும் குழாய்களையும் அரிக்கும். எண்ணெயிலும் குளோரின் சேர்மங்கள் தங்கிவிடும். சில பி.வி.சி. துண்டுகள்கூட ஒரு கொதிகலன் எண்ணெயைக் கெடுக்கப் போதும் என்பதால், தோட்டத்தில் பிரிப்பதை ஆலையில் பிரிப்பதைவிட நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: பாபநாசத்தில் பக்தர்கள் தாமிரபரணியில் விட்டுச்செல்லும் துணிகளை இம்முறையில் எண்ணெயாக்க இயலாதா?

அவற்றுள் பாலியெஸ்டர் துணி, தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்கேதான். அதன் மூலக்கூற்றுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், வெளிக்காற்றை அடைத்தாலும் கார்பன் டை ஆக்சைடும், டெரிப்தாலிக் அமிலம், பென்சாயிக் அமிலம் போன்றவையும் உண்டாகின்றன. இவ்வமிலங்கள் குளிர்ந்ததும் திண்மமாகிக் குழாய்களை அடைக்கும். பருத்தியும் கலந்திருந்தால் நீரும் கரியும் மிகும். பாலியெஸ்டரைத் தனியே பிரித்து, கிளைக்கால் (glycol) என்னும் ஆல்கஹால் வகைத் திரவம் கொண்டு வேதிமுறையில் சிதைப்பதே பொருத்தம். தெர்மகோல் இதற்கு நேர்மாறு: சூட்டில் பெரும்பகுதி தன் மூலப்பொருளான ஸ்டைரீனாகவே திரும்புகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து: தார்ச்சாலையில் சேர்க்கும் பிளாஸ்டிக்கும் இப்படிச் சிதைகிறதா?

இல்லை. மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய அம்முறையில், சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் உருகிப் படிகிறது. சங்கிலி அறுபடும் சூடு அதுவன்று.

பேட்டையிலிருந்து: பழைய டிரம்மில் நாமே செய்து, அந்த எண்ணெயைப் பம்ப்செட்டுக்கு ஊற்றலாமா?

செய்யவே கூடாது. கலனுக்குள் இருப்பது எளிதில் தீப்பற்றும் ஆவி; மூடியின் இடுக்கில் காற்று புகுந்தால் வெடிக்கும். கசியும் ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கக்கூடும். கிடைக்கும் எண்ணெயும் டீசலன்று: அதிலுள்ள இரட்டைப் பிணைப்புச் சேர்மங்கள் நாளடைவில் பிசினாகத் திரளும், மெழுகு வடிகட்டியை அடைக்கும். ஆலைகளில் அதை வடித்துப் பிரித்து, ஹைட்ரஜன் ஏற்றிய பிறகே எரிபொருளாக்குகிறார்கள்.