மட்டக்களப்பு ரயில் நிலையம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

புகையிரத வேலையிலிருந்து ஓய்வு பெற்று மட்டக்களப்பில் இருக்கிறேன். நம் நிலையத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, நம்மூருக்கு ரயில் எப்போது வந்தது? காட்டுக்குள் ஏன் பாதை போட்டார்கள்? (வந்தாறுமூலை மாணவி)

1928ஆம் ஆண்டு, மகள். மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்லோயாச் சந்தியில் ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றது நமக்குமாக வந்தது. அதற்கு முன் கொழும்புக்குப் போவதென்றால் கப்பலில் தீவைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பதுளை மலையேறிச் சுற்ற வேண்டும். கடற்கரையோரமாகப் போட்டிருந்தால் நாட்டின் நடுப்பகுதி விடுபட்டுப் போயிருக்கும். பொலன்னறுவைக் காட்டை ஊடறுத்ததால்தான் கிழக்கின் நெல்லும் மீனும் நேரே கொழும்பு போயின.

செலவைக் குறைக்க இதை ‘இலகு ரயில்பாதை’ என்றே திட்டமிட்டார்கள். தண்டவாள அகலம் மற்றப் பாதைகளைப் போல 5 அடி 6 அங்குலம்தான். ஆனால் கனம் குறைந்த தண்டவாளம். அந்தச் சிக்கனத்தின் இன்னொரு அடையாளம் மன்னம்பிட்டிப் பாலம். மகாவலியைக் கடக்க ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே பாலம். வாகனங்களுக்குத் தனிப் பாலம் 2007இல்தான் திறந்தார்கள். அதுவரை பஸ்ஸில் போனவர்கள் கோச்சி கடந்து போகும்வரை வெயிலில் காத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். ஓட்டமாவடியிலும் இதே கதைதான்.

அண்ணன், ரயில் ஏன் நடுவழி நிலையங்களில் இவ்வளவு நேரம் நிற்கிறது? (ஏறாவூர்)

ஒற்றைப் பாதை, தம்பி. எதிரே வரும் ரயில் நிலையத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் உங்கள் ரயில் புறப்படலாம். சாரதி கையில் ஒரு பெரிய வளையம் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள பையில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அந்தத் தகடு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அடுத்த நிலையம்வரை பாதை சொந்தம். ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் நிலையத்திலுள்ள தகட்டு இயந்திரத்திலிருந்து வெளியே வரும். பழைய முறைதான், ஆனால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வருவதை அது தடுக்கிறது. கொழும்பு கோட்டைக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம். எட்டு ஒன்பது மணி நேரம் எடுப்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். தாமதத்துக்காக நிலைய அதிபரைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் வலிக்கும்.

யானை மோதும் செய்தி அடிக்கடி வருகிறதே? (காத்தான்குடி)

ஹிங்குராக்கொடைக்கும் கல்லோயாவுக்கும் இடைப்பட்ட பகுதி யானைகள் தண்ணீருக்கும் புல்லுக்கும் நடமாடும் இடம். 2024 ஒக்டோபரில் மின்னேரியாவுக்கு அருகே எரிபொருள் ரயிலொன்று யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரியில் கல்லோயாவுக்கு அருகே பயணிகள் ரயில் மோதியதில் குறைந்தது ஆறு யானைகள் இறந்தன. இரவில் கனத்த ரயிலுக்குப் பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. விளக்கொளியில் யானை தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் அந்தப் பகுதியில் மெதுவாகப் போகத்தான் வேண்டும். அதன் பிறகு நேர அட்டவணையையும் மாற்றினார்கள். பழைய அட்டவணையை நம்பி நிலையத்துக்கு வராதீர்கள். இந்த விடயத்தில் நான் யானையின் பக்கம்தான். அரை மணி நேரம் பிந்தி வீடு போனால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கல்முனைக்கு எப்போது ரயில் வரும், அண்ணன்? (மருதமுனை)

அம்பாறை மாவட்டத்தில் இன்றுவரை ஒரு அடி தண்டவாளமும் இல்லை. பொத்துவில் வரை நீட்டும் பேச்சு என் காதுக்குப் பழையது. கல்முனை, அக்கரைப்பற்று மக்கள் விடியற்காலை பஸ் பிடித்துக் கல்லடிப் பாலம் கடந்து வந்துதான் ரயில் ஏறுகிறார்கள். 2028இல் நம் பாதைக்கு நூறு வயது. அதற்குள் காத்தான்குடி வரையாவது ஒரு மைல்கல் நட்டால் நான் மாலையோடு போய் நிற்பேன்.

திருகோணமலைக்கு ரயிலில் போகலாமா? டிக்கெட் எப்படிப் பதிவது?

போகலாம், ஆனால் கல்லோயாவில் மாற வேண்டும். நேரம் வீண், கரையோர பஸ்தான் நல்லது. யாழ்ப்பாணம் போகிறவர்கள் மாகோவில் மாறலாம். ஆசனப் பதிவு நிலையத்திலும் திணைக்கள இணையத்தளத்திலும் உண்டு. அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

ரயில்களின் பெயர்களுக்கு என்ன அர்த்தம்?

உதயதேவி, சூரியன் உதிக்கும் கிழக்கின் தேவி. புலதிசி, பொலன்னறுவையின் பழம்பெயரான புலத்தி நகரிலிருந்து வந்தது. மீனகயா, மீன் பாடுவது என்ற பொருளுடைய சிங்களப் பெயர். நம் வாவியின் பாடும் மீனைக் கொழும்புக்குச் சொல்லிக்கொண்டு ஓடுகிறது. எனக்கு மிகப் பிடித்த பெயர் அதுதான்.

பிள்ளைகளோடு முதல் தடவை போகிறோம். எங்கே பார்க்கச் சொல்ல வேண்டும்? (ஆரையம்பதி)

பகல் ரயிலில் போங்கள். வாழைச்சேனை தாண்டியதும் ஓட்டமாவடிப் பாலம் வரும், வாவி இரு பக்கமும் விரியும். பிறகு புனானைக் காடு. மன்னம்பிட்டிப் பாலத்தில் ரயில் மெதுவாகும்; பிள்ளைகளை அப்போது யன்னலோரம் விடுங்கள், கை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டம் மிக அருகில் போகும்.