பலகைத் தளம்: ஆணியா, பசையா, மிதக்க விடுவதா? கேள்வி பதில்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுகளுக்குப் பலகைத் தளம் போடுவதுதான் என் தொழில். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த முறை நல்லது?" என்றுதான் தொடங்கின. பலகையை ஆணியால் அடிக்கலாம், பசையால் ஒட்டலாம், அல்லது கீழே எதிலும் பொருத்தாமல் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து மிதக்க (ஃப்ளோட்டிங்) விடலாம். முறையைத் தீர்மானிப்பது பலகைக்குக் கீழே கிடப்பதும் அதில் உள்ள ஈரமும்தான். விலையும் விருப்பமும் அதற்குப் பிறகு. ஆகவே ஒவ்வொருவரிடமும் கீழே என்ன இருக்கிறது என்றே முதலில் கேட்டேன். அந்த விவரங்களோடு சேர்த்துப் பதில்களை இங்கே தருகிறேன்.

மார்க்கம்: அண்ணை, இரண்டு மாடி வீடு. மேல்மாடியில் காப்பெற்றைக் கழற்றிப்போட்டு ஓக் போட விருப்பம். ஒரு கொன்ராக்டர் ஆணி அடிக்க வேண்டும் என்கிறார். மற்றவர் ஃப்ளோட்டிங் போதும் என்கிறார், விலையும் நல்லாக் குறைவு. யாரை நம்புறது?

இரண்டு பேரும் ஒரே பலகைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் கேளுங்கோ. 19 மிமீ சாலிட் ஓக்கை, அதாவது முழுக்க ஒரே மரமான பலகையை, மிதக்க விட முடியாது. ஃப்ளோட்டிங் என்று சொன்னவர் அநேகமாக ஒன்றோடொன்று கொளுவும் கிளிக் பூட்டு வைத்த என்ஜினியர்ட் பலகைக்கு (அடுக்குப் பலகையின் மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டியது) விலை போட்டிருப்பார். அது வேறு பொருள், வேறு ஆயுள்.

காப்பெற்றின் ஒரு மூலையைக் கிளப்பிப் பாருங்கோ. கீழே பிளைவூட்டோ ஓஎஸ்பியோ (மரச் சீவல்களை அழுத்தி ஒட்டின பலகை) உறுதியாக இருந்தால் சாலிட் ஓக்கை ஆணியில் போடுவதே சரி. ஆணி பலகையின் முகத்தில் அடிபடாது. பலகையின் ஒரு விளிம்பில் நீட்டி நிற்கும் நாக்குக்கு மேலே, 45 பாகைச் சரிவில் இறங்கும். அடுத்த பலகையின் பள்ளம் வந்து அதை மூடிவிடும். ஆணிக்கு ஆணி 8 முதல் 10 அங்குலம், பலகை நுனியில் இருந்து 1 முதல் 3 அங்குலத்துக்குள் ஒன்று. பலகையின் ஓட்டம் கீழே தளத்தைத் தாங்குகிற ஜொய்ஸ்ற்றுகளுக்குக் குறுக்காக இருக்க வேணும். காப்பெற்றை எடுத்த அன்றைக்கே மேல்மாடி முழுக்க நடந்து பார்த்து, கிறீச் என்று சத்தம் வரும் இடமெல்லாம் பிளைவூட்டை ஜொய்ஸ்ற்றோடு ஸ்குரூ போட்டு இறுக்கச் சொல்லுங்கோ. பலகை போட்ட பிறகு அந்தச் சத்தத்துக்கு லேசான வைத்தியம் இல்லை.

சாலிட்டைப் பல தடவை தேய்த்துப் புதுசாக்கலாம். என்ஜினியர்ட் என்றால் மேல்தகடு எத்தனை மிமீ என்று கேளுங்கோ. 3, 4 மிமீ இருந்தால் ஒன்றிரண்டு தடவை தேய்க்கலாம், 1 மிமீ என்றால் அந்தப் பேச்சே இல்லை.

ஸ்காபரோ கொண்டோ, கொங்கிறீற் தளம்: மனேஜ்மென்ற் சத்தத்துக்கு ஏதோ ஐஐசி எண் காட்டச் சொல்லுது. ஒட்டுறதா, மிதக்க விடுறதா?

கொங்கிறீற்றில் நேரே ஆணி இறங்காது, ஆகவே இந்த இரண்டுதான் வழி. என்ஜினியர்ட் பலகை எடுங்கோ.

ஐஐசி என்பது மேலே நடக்கிற, பொருள் விழுகிற சத்தம் கீழ் வீட்டுக்கு எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு. எண் கூடினால் சத்தம் குறைவு. பலகைக்குக் கீழே விரிக்கிற அண்டர்லேயின் பெட்டியில் பெரிய எண் ஒன்று போட்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தச் சோதனைகள் பலவற்றில் கொங்கிறீற்றுக்குக் கீழே தொங்கு சீலிங்கும் சேர்த்துத்தான் அளந்திருப்பார்கள். உங்கள் கட்டடத்தில் தொங்கு சீலிங் இல்லாவிட்டால் அந்த எண் உங்களுக்குக் கிடைக்காது. சோதனை அறிக்கையையே கேட்டு வாங்குங்கோ. கொங்கிறீற் எத்தனை அங்குலம், சீலிங் இருந்ததா, மேலே என்ன பலகை என்று மூன்றையும் பார்த்த பிறகு மனேஜ்மென்ற்றுக்குக் கொடுங்கோ. எழுத்தில் அனுமதி வரும் வரை பலகைக்கு ஓடர் கொடுக்க வேண்டாம்.

மிதக்கும் தளம் கெதியாக முடியும், செலவும் குறைவு. ஆனால் நடக்கும்போது உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு வெற்றுச் சத்தம் கேட்கும். சிலருக்கு அது பிடிக்காது. என் விருப்பம் இரட்டை ஒட்டு: ரப்பர் அல்லது கோர்க் விரிப்பைக் கொங்கிறீற்றில் ஒட்டி, அதன்மேல் பலகையை ஒட்டுவது. காலுக்குத் திடமாக இருக்கும். செலவு கூடத்தான், பின்னாளில் கழற்றுவதும் பெரும் பாடு. எதைப் போட்டாலும் 10 அடி நீளத்தில் 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் முதலில் சமப்படுத்த வேணும்.

ஏஜக்ஸ்: பேஸ்மென்றில் மாமா மாமிக்கு அறை கட்டுறம். மிச்சம் இருக்கிற சாலிட் ஓக்கை அங்கே போடலாமா?

போட வேண்டாம். நிலமட்டத்துக்குக் கீழே சாலிட் பலகை எந்த முறையிலும் சரிவராது. மண்ணின் ஈரம் கொங்கிறீற் ஊடாக ஏறிக்கொண்டே இருக்கும், பலகை கீழ்ப்பக்கம் ஊதி விளிம்புகள் மேலே கிளம்பும்.

ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கோ. 18 அங்குலச் சதுரத்தில் தெளிந்த பிளாஸ்ரிக் தாளைக் கொங்கிறீற்றில் விரித்து நாலு பக்கமும் ரேப்பால் அடைத்து ஒரு நாள் விடுங்கோ. கிளப்பும்போது உட்பக்கம் துளிகள் நின்றாலோ, கொங்கிறீற் கறுத்திருந்தாலோ அங்கே மரமே வேண்டாம். காய்ந்திருந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது. துளை போட்டு உள்ளே ஈரப்பதம் அளக்கிற சோதனை இருக்கிறது, காசு கொடுத்துச் செய்யலாம். இரண்டிலும் தேறினால் ஈரத்தடைத் தாள் விரித்து என்ஜினியர்ட்டை மிதக்க விடலாம். வயசானவர்கள் இருக்கப்போகிற அறை, குளியலறையும் பக்கத்தில் என்றால், நான் வினைலைத்தான் சொல்வேன்.

மிசிசாகா: போன கோடையில் ஆணியடிச்சுப் போட்ட தளம், தை மாசத்தில் இடைவெளி விட்டுட்டுது. வேலை பிழையா?

அநேகமாக வேலை பிழையில்லை, காற்றுத்தான் காரணம். குளிர்காலத்தில் ஹீற்றர் ஓட ஓட வீட்டுக் காற்று வறண்டு போகும், பலகை ஈரத்தை விட்டுச் சுருங்கும். சாதாரண வெட்டுச் சிவப்பு ஓக்கில் ஈரம் 3 சதவீதம் இறங்கினால், 5 அங்குலப் பலகை சுமார் 1.4 மிமீ ஒடுங்கும், 2¼ அங்குலப் பலகை 0.6 மிமீதான். இந்த ஊருக்கு அகலப் பலகை கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். ஈரப்பதமானி ஒன்று வாங்கி, ஹியுமிடிஃபயர் போட்டு, காற்றின் ஈரப்பதத்தை 35 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கோ. இடைவெளிக்குள் இப்போது புட்டி அடைக்க வேண்டாம், கோடையில் பலகை விரியும்போது அது பிதுங்கி வெளியே வரும். கோடையிலும் இடைவெளி மூடாவிட்டால் அப்போது கொன்ராக்டரைக் கூப்பிடுங்கோ.

பிரம்ரன்: மிதக்கும் தளத்துக்கு மேலே கிச்சன் ஐலண்டை வைக்கலாமா?

கூடாது. ஐலண்டும் கபினெற்றும் அதை ஓரிடத்தில் அமுக்கிப் பிடித்தால், தளம் மற்றப் பக்கம் பிளந்தோ கிளம்பியோ காட்டும். அவற்றை முதலில் பூட்டி, சுற்றி இடைவெளி விட்டுத் தளத்தைக் கொண்டுபோய் நிறுத்துங்கோ.

ஈஸ்ற் யோர்க்: 1950களில் கட்டின வீடு. பழைய 9 அங்குலத் தள ஓடுகளும் கறுப்புப் பசையும் இருக்கு. சுரண்டி எடுத்துட்டுப் பலகை ஒட்டலாமா?

கை வைக்காதேங்கோ. அந்தக் கால 9 அங்குல ஓடுகளிலும் கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சுரண்டினாலோ தேய்த்தாலோ தூள் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். ஆய்வுகூடத்துக்கு மாதிரி கொடுத்து முடிவு வரும் வரை அந்த அறையில் எந்த வேலையும் வேண்டாம். இருக்கிறது என்று வந்தால், உடையாமல் கிடக்கும் ஓடுகளை மூடி மேலே பிளைவூட் போடுவதா, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அகற்றுவதா என்று பிறகு கதைக்கலாம்.

சென்னையில் பெற்றோர் வீடு: டைல்ஸ் மேலேயே போட முடியுமா, அண்ணா?

மாடி வீடு என்றால் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, வெற்று ஓசை வருவதைச் சரிசெய்து, அண்டர்லே விரித்து என்ஜினியர்ட்டை மிதக்க விடலாம். கதவுகளின் கீழ்ப்பக்கம் சீவ வேண்டி வரும். தரைத்தளம் என்றால் கறையானை நினைத்து நான் வேண்டாம் என்பேன். வாளித் தண்ணீரும் மாப்புமாகத் துடைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். அம்மாவிடம் அதை முதலில் கேட்டுவிடுங்கோ.

ஒஷாவா: பலகைப் பெட்டிகள் நேற்று வந்திட்டுது. நாளைக்கே தொடங்கலாம் என்று ஆட்கள் சொல்லினம். பலகை வீட்டுக் காற்றுக்குப் பழக எத்தனை நாள் வைக்க வேணும்?

நாளை எண்ண வேண்டாம், மொய்ஸ்சர் மீற்றரால் அளக்கச் சொல்லுங்கோ. பிளைவூட்டுக்கும் பலகைக்கும் உள்ள ஈர வித்தியாசம், 3 அங்குலத்துக்குக் குறைந்த பலகையில் 4 சதவீதத்துக்குள்ளும், 3 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 2 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேணும். பல இடங்களில், பல பெட்டிகளில் அளந்து, திகதி போட்டு எழுதி, மீற்றர் தெரிகிற மாதிரிப் படமும் எடுத்து வையுங்கோ. பின்னால் கம்பனியோடு உத்தரவாதம் கதைக்க வந்தால் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான். வித்தியாசம் கூட என்றால், ஹீற்றரோ ஏசியோ சாதாரணமாக ஓடவிட்டு, அது இறங்கும் வரை ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லுங்கோ.