செடி மண்ணைத் தின்றுதான் வளர்கிறதா? தொட்டியில் மண் குறைந்துகொண்டே போகிறதே?

எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. மாடியில் கத்தரி வைத்த பையில் மண் மூன்று மாதத்தில் நான்கு விரல் இறங்கிவிட்டது. "செடி தின்னுடுச்சு" என்றார் அம்மா. உண்மையில் பையில் நான் நிரப்பியதில் பாதிக்கு மேல் தேங்காய்நார்த் தூளும் தொழுவுரமும். அது மட்கும்போது பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். மிச்சம் தண்ணீர் ஊற்ற ஊற்ற அமுங்கும்.

இதை எடை போட்டே பார்த்தவர் பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த மருத்துவர் வான் ஹெல்மான்ட். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் வெறும் தண்ணீர் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் சொச்சம்! அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648இல் வந்த புத்தகத்தில் இது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான். கரி எரியும்போது வரும் வாயுவை, அதாவது கரியமில வாயுவை, தனியாக அடையாளம் கண்டவரும் அவர்தான். மரத்துக்குள் போனது அந்த வாயுதான் என்பது மட்டும் அவருக்குத் தட்டுப்படவில்லை.

காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். இலையின் நுண்துளைகள் வழியே அதை இழுத்து, வேர் அனுப்பும் தண்ணீரோடு சேர்த்து, வெயிலின் பலத்தில் செடி சர்க்கரை செய்கிறது. தண்டு, நார், காய் எல்லாம் அந்தச் சர்க்கரையிலிருந்து வருபவைதான். விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு கட்டு விறகு எரிந்தால் மிஞ்சுவது ஓரிரு கைப்பிடி சாம்பல். மண் கொடுத்த பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான் (தழைச்சத்து மட்டும் புகையோடு போய்விடும்). ஆனால் அந்தக் கைப்பிடி இல்லாமல் செடி பிழைக்காது. இலையின் பச்சையத்துக்கே மெக்னீசியம் வேண்டும்.

தண்ணீர் கணக்கு வேறு. வேர் உறிஞ்சுவதில் மிகப் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகிவிடும். காலையில் ஒரு கிளையில் பாலிதீன் பையைக் கட்டிப் பாருங்கள், சாயந்திரம் உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருக்கும்.

சரி, மண் இறங்கினால் மேலே கொஞ்சம் மண்புழு உரம் போட்டு நிரப்புங்கள். ஆனால் முதலில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். என் கத்தரி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றது. எவ்வளவு உரம் போட்டும் ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளர்ந்ததே தவிர பூக்கவில்லை. பையை நாலடி தள்ளி வெயிலில் வைத்த பிறகுதான் மொட்டு விட்டது.