கல் சுவரில் ஓதம்: சிமெண்ட் பூசும் முன்

இங்கிலாந்தில் டார்பிஷயர் மாவட்டக் கிராமமொன்றில் 1780-களின் ஆலைத் தொழிலாளர் வீடு வாங்கியிருக்கிறோம், முன்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருக்கிறது, சுவரில் துளை போட்டு ஓதம் தடுக்கும் மருந்து ஏற்றி சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி, அப்படியே மாடியிலுள்ள நீள ஜன்னலையும் பிளாஸ்டிக்காக மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம்.

இப்படிப்பட்ட சுவரில் இருபுறமும் கல் அடுக்கி, நடுவே சில்லு நிரப்பி, சுண்ணாம்புக் காரையால் பிடித்திருப்பார்கள். அரை மீட்டர் கனம்கூட இருக்கும். மழை ஈரம் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் வெயிலும் காற்றும் பட்டதும் கல்லிடுக்குக் காரை வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல்லின் முகம் ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். பெயர்ந்த கல்லை ஒட்டவைக்க முடியாது.

முதலில் ஒரு சாவியால் வெளிச்சுவரின் கல்லிடுக்கை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்து, நடுவே வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், கீறல்கூட விழாமல் இருந்தால் யாரோ முன்பே சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள், ஓதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்புறம் நல்ல மழையில் குடையோடு வெளியே நின்று, கூரையோரத் தகரப் பீலி எங்கே வழிகிறது என்று பாருங்கள். வெளியே மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் அதை வெட்டி இறக்க வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டைச் சரிசெய்ததுமே ஓதம் பாதி குறைந்துவிடும்.

ஜன்னல் விஷயம் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. அதே மாவட்டத்தில் க்ராம்ஃபோர்டு கிராமத்து நார்த் ஸ்ட்ரீட்டில் பஞ்சாலை முதலாளி ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1776-77-இல் கட்டிய மூன்று மாடி வரிசை வீடுகளைப் போய்ப் பாருங்கள். பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்குப் போக, ஆண்கள் மேல்மாடியில் தறி போட்டார்கள். நூலிழை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றுதான் அங்கே அவ்வளவு நீளத்துக்கு ஜன்னல். உங்கள் ஜன்னலும் அந்த வகையாகவே இருக்கலாம். சட்டகம் இற்றிருந்தால் இற்ற துண்டை மட்டும் வெட்டி மரம் ஒட்டுப் போடலாம், குளிருக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வைக்கலாம்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளூர் கவுன்சிலில் உடனே கேளுங்கள். இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலையையும் அனுமதி இல்லாமல் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முன்பிருந்தவர் செய்ததைக்கூட உங்களைச் சரிசெய்யச் சொல்லலாம்.

சரி, அனுமதி தேவையென்றால் அது வந்தபின் பழைய சிமெண்டை உளியால் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள், மெஷின் வேண்டாம், கல் சிதறும். அந்த இடுக்குகளில் சுண்ணாம்புக் காரை அடைக்கும் வேலையை உறைபனி தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். சுவர் முழுக்கக் காய மாதக்கணக்காகும், அதுவரை பெயிண்ட் பக்கமே போகாதீர்கள்.